பிரசவ அறையில் காணொளி: பணம் கொடுப்பது நீங்கள், பதிவு யாருக்குச் சொந்தம்?

பிறந்த நொடியில் வாயைத் திறந்து அழும் குழந்தையின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த அழுகைச் சத்தம் எப்படி இருந்தது? படத்தில் அது கேட்காது.

பிரசவத்தைப் படமெடுக்கும் கலைஞர்கள் காணொளியிலும் இறங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். முதல் அழுகை, அப்பா நடுங்கும் குரலில் "பொண்ணுமா!" என்று சொல்வது, தாதி கொடுக்கும் தைரியம்... இதெல்லாம் வேணும்னு நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் முதன்முறையாக 1க்குக் கீழ் இறங்கி 0.97 ஆனது. ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் தம்பதிக்கு அந்த நாள் இன்னொரு முறை வராது. அதைப் பதிவுசெய்யச் செலவு செய்யலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் கேமரா ஓடத் தொடங்கினால் அனுமதி, உரிமை என்று சில கேள்விகளும் கூடவே வரும். முன்பதிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

படம், காணொளி இரண்டையும் ஒருவரே எடுக்க முடியுமா?

முடியும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் இரண்டையும் எடுக்கும். மங்கலான வெளிச்சத்திலும் ஃபிளாஷ் தேவையில்லை, 'கிளிக்' சத்தமும் வராது.

சிக்கல் கேமராவில் இல்லை, நேரத்தில்! குழந்தை வெளியே வரும் அந்தச் சில விநாடிகளில் கலைஞர் எதை எடுப்பார்? காணொளியிலிருந்து ஒரு காட்சியை வெட்டிப் படமாக்கலாம்தான். ஆனால் அசைவு இருந்தால் அது மங்கித் தெரியும். அதனால் ஒரு கேமராவை மூலையில் நிறுத்தி ஓடவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துப் படமெடுப்பவர்கள் உண்டு. உங்கள் கலைஞர் எப்படிச் செய்வார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஏன் இவ்வளவு கட்டணம்?

நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு காத்திருப்பதற்கு. மருத்துவர் சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 100இல் சுமார் 5 மட்டுமே. அதனால் கலைஞர் பல நாள், நள்ளிரவிலும்கூட, கிளம்பத் தயாராக இருக்கவேண்டும். அவரால் வரமுடியாவிட்டால் மாற்று ஆள் வேண்டும்.

காணொளி என்றால் வேலை இன்னும் கூடும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே தரத்தில் எடுத்தால், ஒரு மணி நேரப் பதிவே சுமார் 45 கிகாபைட். அதைச் சில நிமிடங்களாகச் சுருக்க நாள்கணக்கில் உட்காரவேண்டும்.

யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

முதலில் மருத்துவமனையிடம். விதிமுறைகள் இடத்துக்கு இடம் மாறும். துணைக்கு ஒருவர்தான் என்றால், கலைஞர் உள்ளே போக கணவர் வெளியே நிற்கவேண்டியிருக்கும். அறுவைச் சிகிச்சை என்றால் கட்டுப்பாடுகள் இன்னும் கூடலாம்.

அடுத்து, அறையில் இருக்கும் மருத்துவர், தாதியர். படத்தில் அவர்கள் முகம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். காணொளியில் அவர்களது குரலும் பதிவாகும். தாயின் உடல்நிலை பற்றிப் பேசுவதும் பதிவாகும்.

எல்லாரையும்விட முக்கியம், தாய். எட்டாம் மாதத்தில் "ஓகே" என்றவர், வலி உச்சத்தில் இருக்கும்போது "வேணாம்" எனலாம். அப்போது கேமரா உடனே நிற்கவேண்டும். 'பணம் கட்டியாச்சே' என்ற பேச்சுக்கே இடமில்லை.

காணொளி யாருக்குச் சொந்தம்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 அன்று புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்குமுன், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், காணொளியின் உரிமை பொதுவாகப் பணம் கொடுத்தவருக்கே. இப்போது ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், உரிமை அதை உருவாக்கியவருக்கு.

அதாவது, உங்கள் பிரசவக் காணொளியின் பதிப்புரிமை கலைஞரிடம் இருக்கலாம்.

அதற்காக அவர் அதை இஷ்டம்போல் விளம்பரத்தில் போடலாம் என்று அர்த்தமில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனங்கள் உங்கள் தகவலைப் பயன்படுத்தப் பொதுவாக உங்கள் ஒப்புதல் தேவை. ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த ஒப்புதலை நீங்களே கொடுத்திருக்கலாம்! படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏதாவது தவறாகப் போனால்?

பேச மனசு வராத கேள்வி. ஆனால் பேசித்தான் ஆகவேண்டும். அவசரநிலையில் மருத்துவக் குழு சொன்னால் கலைஞர் வெளியேற வேண்டும். அதுவரை எடுத்ததை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? அதை முடிவு செய்வது யார்? வலியில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து எழுதிவையுங்கள்.

இணையத்தில் போடலாமா?

பிரசவக் காட்சிகளை இன்ஸ்டகிராம் ஒருகாலத்தில் நீக்கிவந்தது. பெண்கள் எதிர்த்துக் குரல்கொடுத்த பிறகு, 2018இல் விதி தளர்ந்தது. இப்போது முடிவு உங்கள் கையில்.

"பச்சப்புள்ளைய எல்லாருக்கும் காட்டாதீங்க, கண்ணு பட்டுடும்" என்று பாட்டி சொன்னால் சிரிக்கத் தோன்றும். கண்ணேறு இருக்கட்டும், பாட்டி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 15 வயதில் அந்தக் காணொளியை வகுப்பு நண்பர்கள் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

கையெழுத்திடும் முன் கேளுங்கள்:

• பதிப்புரிமை யாருக்கு?
• என் ஒப்புதல் இல்லாமல் எங்கும் வெளியிடமாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா?
• வெட்டி நீக்கிய பகுதிகளை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?
• உங்களால் வரமுடியாவிட்டால் யார் வருவார்? அவரை முன்பே சந்திக்கலாமா?
• நான் "நிறுத்து" என்றால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் "உடனே நிறுத்துவேன்" என்று சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள்.