கல்கத்தாவில் வார்த்த பந்தயக் கார்

வாசுதேவநல்லூரானாலும் சரி, சங்கரன்கோவிலானாலும் சரி, உங்கள் வீட்டுப் பரண் டிரங்குப் பெட்டியில் கையடக்கமான பந்தயக் கார் பொம்மை அகப்பட்டால், முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'நிக்கி' என்றிருக்கிறதா? அது கல்கத்தாச் சரக்கு!

லிவர்பூல் மெக்கானோ கம்பெனியார் தங்கள் 'டிங்கி' கார்களின் பழைய அச்சுகளைக் கல்கத்தாவுக்கு விற்றார்கள். அச்சிலிருந்த 'டிங்கி'யைத் திருத்தி, 1960-களின் கடைசியில் 'நிக்கி'யாக வார்த்தார்கள். ஜாகுவார், வான்வால் இரண்டு பந்தயக் கார்களும் அவற்றில் உண்டு. அசல் வான்வால் லேசுப்பட்டதல்ல. 1958-ல் கார் தயாரிப்பாளருக்கான முதல் உலகப் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனது!

நிக்கியின் வார்ப்பு சற்று முரடு; வர்ணமும் சுமார்தான். சேகரிப்பவர்கள் தேடுவதோ அந்த முரட்டு அழகைத்தான். ஆகவே, பளபளப்பாக்குகிறேன் என்று புது வர்ணம் பூசிவிடாதீர்கள், மதிப்பு போய்விடும். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். அட்டைப் பெட்டியும் கூடவே கிடைத்ததா? அடித்தது யோகம்!