பழைமையும் பயன்மதிப்பும்: வாகன அழிப்புத் திட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

பழைய மோட்டார் வாகனங்களைப் பேணுவோர், அவற்றை அழிப்பதற்கு அரசுகள் வகுக்கும் திட்டங்களை எதிர்த்து வந்துள்ளனர். ஐக்கிய அமெரிக்கா முதல் இந்தியா வரை காணப்படும் இவ்வெதிர்ப்பினை வசதி படைத்தோரின் பொழுதுபோக்குச் சச்சரவெனக் கருதி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு பொருள் எப்போது பழையதாகின்றது, அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையின் வாயிலாக அமைந்த வவுணதீவில் நின்று நோக்கும்போது இவ்வினாக்கள் தனிக் கனம் பெறுகின்றன.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1990 இல் யூனோக்கல் என்னும் எண்ணெய்க் கம்பனி லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1971 க்கு முற்பட்ட கார்களைத் தலா 700 டொலர் கொடுத்து வாங்கியது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் இவ்வாறு நசுக்கப்பட்டன. 1993 இல் அப்பிரதேசத்தின் காற்றுத்தர நிருவாகம் ஒரு விதியை இயற்றியது. ஓர் ஆலை தனது புகையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பழைய கார்களை வாங்கி அழித்து அதற்கு ஈடு காட்டலாம் என்பதே அதன் சாரம். ஆலையின் புகைக்குச் சாதாரண மனிதனின் கார் பிணையாயிற்று. கார் பேணுவோரும் உதிரிப்பாக வணிகரும் இத்தகைய திட்டங்களை எதிர்த்தனர். ஒரு காரோடு, வேறு பல கார்களை வாழவைக்கக்கூடிய பாகங்களும் அழிகின்றன என்பது அவர்தம் வாதம்.

2009 இன் நிதி நெருக்கடி இத்திட்டங்களின் பொருளாதார அடிப்படையை வெளிப்படையாக்கியது. ஜேர்மனி ஒன்பது வயதைக் கடந்த காருக்கு 2,500 யூரோ வழங்கியது. ஐக்கிய அமெரிக்கா ஏறத்தாழ ஒரு மாத காலத்துள் மூன்று பில்லியன் டொலர் வரை செலவிட்டு, ஏறத்தாழ 680,000 வாகனங்களைப் பாவனையினின்று நீக்கியது. அங்கு எஞ்சின் எண்ணெய்க்குப் பதிலாகச் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகிப்போகும்வரை ஓடவிடுதல் விதியாயிருந்தது. ஓடக்கூடிய எஞ்சினைத் திட்டமிட்டுக் கொல்லுதல் ஏன்? அது மீண்டும் ஓடினால் புதிய வாகனத்தின் சந்தை சுருங்கும் என்பதும் இதற்கான விடையின் ஒரு பகுதியாகும்.

இயந்திரத்தின் தேய்வு இருவகைப்படும் என மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் விளக்குகிறார். ஒன்று, பாவனையாலும் பாவியாமையாலும் நேரும் பௌதிகத் தேய்வு. மற்றையது, அதே இயந்திரம் மலிவாக உற்பத்தியாவதாலோ, சிறந்த இயந்திரம் போட்டிக்கு வருவதாலோ நேரும் மதிப்பிழப்பு. இவ்விரண்டாவது தேய்வைச் சந்தையின் இயல்பான ஓட்டத்துக்கு விடாது, சட்டத்தின் துணைகொண்டு அரசே விரைவுபடுத்துவதுதான் வாகன அழிப்புத் திட்டம் எனலாம். பயன்மதிப்பு எஞ்சியிருக்கவே பரிவர்த்தனை மதிப்பின் பொருட்டுப் பொருள் அழிக்கப்படுகின்றது.

எனினும், கார் பேணுவோரின் எதிர்ப்புக்கு வர்க்க எல்லை உண்டு. இந்தியாவின் வாகன அழிப்புக் கொள்கை 2021 ஆகஸ்டில் தொடக்கிவைக்கப்பட்டது. வர்த்தக வாகனங்களுக்குப் பதினைந்து ஆண்டுகளின் பின்னரும், தனியார் வாகனங்களுக்கு இருபது ஆண்டுகளின் பின்னரும் தகுதிச் சோதனையை அது முன்வைத்தது. அதற்கு முந்திய மாதத்திலே, ஐம்பது ஆண்டு கடந்து மூலவடிவம் மாறாதிருக்கும் வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறை உருவாயிற்று. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபா. அவ்வாகனங்கள் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செல்லலாம். வர்த்தகத் தேவைக்கு ஓடலாகாது. காட்சிப் பொருளாயின் பழைமைக்குப் பாதுகாப்பு. உழைக்கும் பொருளாயின் சோதனையும் அழிவும். சேகரிப்பாளன் தனக்கு விலக்குப் பெற்றதும், பழைய லொறியே பிழைப்பாகவுள்ள சாரதி தனித்துவிடப்படுகின்றான்.

எமது நாட்டின் அனுபவம் வேறுபட்டது. 1990 களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. 2007 வரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரையில், வாவியைக் கடந்து செல்லும் பொருளெல்லாம் சோதனைச்சாவடியைத் தாண்டவேண்டியிருந்தது. இத்தகைய சூழலில் பழைய இயந்திரத்தைத் திருத்தி ஓட்டுதல் பொழுதுபோக்கன்று, வாழ்வின் நிபந்தனை. பின்னர், 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணிச் சிக்கனம் கருதி அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்விடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை உயர்ந்தது. செல்வந்த நாடு பழையதெனக் கழிப்பது வறிய நாட்டில் புதியதாக மதிக்கப்படுவதும் நாம் அறிந்ததே. யப்பானில் கழிந்த வாகனங்கள் பல எமது வீதிகளில் ஓடுகின்றன. ஆகவே பழைமை என்பது இரும்பின் இயல்பன்று. அது ஒரு சமூக உறவு.

இவ்வாறு கூறுவதனால் புகையை நாம் நியாயப்படுத்துவதாகாது. கார்புரேற்றர் கொண்ட பழைய எஞ்சின் புதியதைவிடக் கூடுதலான நச்சுப்புகையை வெளியிடுகின்றது என்பது மறுக்கவியலாத உண்மை. அதனைச் சுவாசிப்போர் வீதியோரத் தொழிலாளரும் கராஜில் வேலை செய்யும் பையன்களுமே. ஆயினும் வாகனத்தின் வயது வேறு, அதன் புகை வேறு. பராமரிக்கப்பட்ட பழைய வாகனத்தையும் பராமரிப்பற்ற புதிய வாகனத்தையும் நாட்காட்டியால் வேறுபடுத்த இயலாது. ஆண்டில் ஒரு சில நாட்கள் ஓடும் காரும் நாள்முழுதும் ஓடும் லொறியும் ஒன்றாகா. 2008 இலிருந்து இலங்கையில் நடைமுறையிலுள்ள புகைச் சோதனை, குறைபாடுகள் இருப்பினும், வயதை விடுத்து விளைவை அளக்கும் நெறியைச் சார்ந்தது. புதிய வாகனத்தை உற்பத்தி செய்வதற்கும் கனிமமும் சக்தியும் மனித உழைப்பும் செலவாகின்றன. அழிப்புத் திட்டங்களின் கணக்கில் அச்செலவு போதிய இடம் பெறுவதில்லை.

ஆகவே முற்போக்காளர் கார் பேணுவோரின் கோரிக்கையை அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. எள்ளி நகையாடவும் வேண்டியதில்லை. பாகங்களை அழிக்காதீர் என்னும் அவர்களது குரல், திருத்துந் தொழிலாளியின் குரலுடனும் பழைய லொறிச் சாரதியின் குரலுடனும் இணையவேண்டும். வயதின்றிப் புகையே அளவுகோலாதல், உதிரிப்பாகங்களைப் பேணுதல், வாகனத்தை இழக்கும் உழைப்பாளிக்கு உரிய ஈடு, கிராமத்துக்கு ஒழுங்கான பஸ் சேவை என்பன ஒருங்கே முன்வைக்கப்படவேண்டும். இறுதியாகக் கூறியது இன்றியமையாதது. வவுணதீவிலிருந்து உட்செல்லும் கிராமத்தவனுக்கு நேரத்துக்கு வரும் பஸ் இருக்குமாயின், பழைய மோட்டார்ச் சைக்கிளின் ஆயுளைப் பற்றி அவன் இவ்வளவு கவலைகொள்ள நேராது.