ஒரு வீட்டுப் பெயர், மூன்று கேவென்டிஷ்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். கேவென்டிஷ் என்றால் இயற்பியல் மாணவருக்கு ஆய்வகம். தேனிப் பக்கம் ஜி9 ரகம் போட்டிருக்கும் விவசாயிக்கு வாழை. குடும்பம் ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு.

குழப்பம் பட்டத்தால் வருகிறது. 1694 முதல் இக்குடும்பத் தலைவர் 'டெவன்ஷைர் டியூக்'. அவர்களுடைய சாட்ஸ்வொர்த் மாளிகை இருப்பதோ டர்பிஷைரில். பட்டம் மூத்த ஆண் வாரிசுக்குப் போகும். இளையவர்களின் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் மட்டுமே மிஞ்சும்.

வாழைக்குப் பெயர் தந்தவர் ஆறாவது டியூக். அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830களில் கண்ணாடிக் கூடத்தில் அதை வளர்த்து, எஜமானர் பெயரை வைத்தார். பின்னாளில் பனாமா வாடல் நோய் குரோ மிஷேல் என்ற வாழை இனத்தின் தோட்டங்களை அழித்தபோது, உலகச் சந்தையைப் பிடித்தது இந்த இனம்தான். கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தவர் ஏழாவது டியூக், கணக்கில் கெட்டிக்காரர். 1874இல் அது திறந்தது.

என் மனம் ஒட்டிக்கொள்வது பட்டமே இல்லாத ஹென்றி கேவென்டிஷிடம். இரண்டாவது டியூக்கின் பேரன், பெரும் செல்வந்தர், மனிதரைக் கண்டால் கூச்சம். வேலைக்காரப் பெண்களிடம்கூடப் பேசாமல் சீட்டு எழுதி வைப்பாராம். அறுபதைத் தாண்டிய வயதில் பூமியை எடைபோட உட்கார்ந்தார். ஆறடிச் சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, இரு முனையிலும் சிறு ஈயக் குண்டுகளைக் கட்டினார். அவற்றின் அருகே ஏறத்தாழ 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய குண்டுகளைக் கொண்டுவந்தார். பெரியது சிறியதை இழுக்கும் அந்தத் துளி விசையை அளக்க வேண்டும். உள்ளே ஆள் நின்றால் உடற்சூட்டில் காற்று அசைந்துவிடும். அதனால் அறையை மூடிவிட்டு, வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார். பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று 1798இல் எழுதினார். இன்றைய கணக்கு 5.51. இந்தப் பொறுமைக்கு முன்னால் எந்த டியூக் பட்டமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கண்டறிந்ததில் பாதியை அவர் அச்சுக்கே தரவில்லை. ஆய்வகத்தின் முதல் பேராசிரியர் மேக்ஸ்வெல் அவருடைய மின்சாரக் குறிப்புகளைத் தொகுத்து 1879இல் வெளியிட்ட பிறகுதான், ஓமுக்கு முன்பே ஓம் விதியை அவர் எட்டியிருந்தது தெரிந்தது. அளக்கக் கருவி இல்லாத காலம்; தன் உடம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதிர்ச்சி எவ்வளவு என்று உணர்ந்தே ஒப்பிட்டிருக்கிறார்.