கேஸ் ஸ்டடியில் வரும் ‘ஏபிசி கம்பெனி’ நிஜமாவே இருக்கா?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸோ, ஃபிரான்சைஸோ, எதை விற்க வந்தாலும் பிரசன்டேஷன்ல ஒரு கேஸ் ஸ்டடி இருக்கும். "ஏபிசி என்ற ஜவுளிக் கடை. மாத விற்பனை 10 லட்சம். எங்க முறைப்படி 5 லட்சம் விளம்பரத்துக்குப் போட்டாங்க. விற்பனை 30 லட்சம் ஆயிடுச்சு." கேட்டதுமே நமக்குக் கை துறுதுறுன்னு இருக்கும்.

கற்பனைக் கம்பெனியை உதாரணமா வைக்கிறது தப்பே இல்லை. சிஏ பாடப் புத்தகம் முழுக்க எக்ஸ் லிமிடெட், ஒய் லிமிடெட்தான். தேய்மானம் எப்படிப் போடணும்னு புரிய வைக்க நிஜக் கம்பெனி எதுக்கு? ஆனா அதே கற்பனைக் கம்பெனியை, "பாருங்க, பலன் கிடைச்சிருக்கு"ன்னு சாட்சிக் கூண்டுல ஏத்தும்போதுதான் சிக்கல். கேள்வியையும் அவரே எழுதி, விடையையும் அவரே எழுதினா அந்தக் கடை எப்படித் தோற்கும்?

அந்த ஜவுளிக் கடைக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கூடுதல் விற்பனை 20 லட்சம். சரக்கு வாங்கின விலை போக நிக்கிற மார்ஜின் 20%னு வச்சுக்கங்க, 4 லட்சம் வருது. விளம்பரச் செலவு 5 லட்சம். ஆக, விற்பனை மூணு மடங்கு ஏறியும் 1 லட்சம் நஷ்டம்! மார்ஜின் 40%னா, 3 லட்சம் லாபம். 25%க்குக் கீழே போனாலே கையைக் கடிக்கும். (புதுசா சேர்த்த ஆள் சம்பளத்தை நான் இன்னும் தொடவே இல்லை.) ஒரே ஒரு எண் மாறினா கதையே தலைகீழ். அந்த எண்ணைத்தான் ஸ்லைடுல காணோம். கற்பனைக் கடைன்னா யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

ஆயுள் காப்பீட்டு விளக்கப் படிவத்துல வர்ற 4%, 8% கூட இப்படித்தான். ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன அனுமானம் அது. உங்களுக்கு நிச்சயமா கிடைக்கும்னு யாரும் எழுதித் தரலை. ஏஜென்ட் 8% பத்தியில மட்டும் விரலை வச்சா, 4% பத்தியை நீங்க படிங்க.

பங்குச்சந்தைப் பாடத்துல இது எதிர்ப்பக்கமா நடந்துச்சு. கற்பனைப் பேரைச் சொல்லி நிஜப் பங்கைக் கைகாட்டுறது! அதனாலதான் 2025 ஜனவரியில செபி ஒரு விளக்கம் கொடுத்துச்சு: கல்வின்னு சொல்லி நடத்துறவங்க, கடந்த 3 மாத விலையை வச்சு எந்தப் பங்கோட பேரையும் சொல்லக் கூடாது. சங்கேதப் பேரும் கூடாது.

சரி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணலாம்? கம்பெனிப் பேரைக் கேளுங்க. பிரைவேட் லிமிடெட்னா எம்சிஏ இணையதளத்துல அடிப்படை விவரம் இலவசம். 100 ரூபாய் கட்டினா தாக்கல் செஞ்ச ஆண்டுக் கணக்கையே பார்க்கலாம். தனிநபர் கடைன்னா ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்துல தேடுங்க.

"கிளையன்ட் பேரைச் சொல்ல முடியாது சார், ஒப்பந்தம் இருக்கு"ன்னு பதில் வரலாம். அதுவும் நியாயமான காரணம்தான். அப்போ கோர்ஸ் விற்கிற கம்பெனியோட பேரையே எம்சிஏல போடுங்க. மூணு மடங்கு வளர்ச்சி சொல்லித் தர்றவங்களோட சொந்த விற்பனை எவ்வளவுன்னு அங்கே தெரிஞ்சிடும்.