கடைசியா வர்றவர் லேட்டா? 'பிரிங் அப் த ரியர்'

ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காங்க. மீட்டிங்ல மேனேஜர் இவங்க டீமைப் பத்தி 'பிரிங்கிங் அப் த ரியர்'னு சொன்னாராம். அது திட்டா, சும்மா சொன்னதா? அப்ரைசல் நேரம், பயம் நியாயம்தான்.

இதை வார்த்தை வார்த்தையா பிரிச்சா குழம்பிடுவீங்க. 'பிரிங் அப்'னாலும் வளர்க்கிறது, 'ரியர்'னாலும் வளர்க்கிறது. ரெண்டும் சேர்ந்தா பிள்ளை வளர்ப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! இங்கே 'ரியர்' என்பது படையின் பின்பகுதி. வரிசையில் எல்லாருக்கும் கடைசியாக வருவதுதான் பொருள். சங்கத் தமிழில் படையோட முன்பகுதி 'தார்', பின்பகுதி 'கூழை'.

எங்க திற்பரப்பில் இதை விளக்க சிவாலய ஓட்டம் போதும். மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோவில்கள். மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல. கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. அருவிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்க மகாதேவர் கோவில் மூணாவது. அங்க நின்னு பாருங்க. இளவட்டங்க முதல்ல பாய்ஞ்சு வருவாங்க. கூட்டத்தோட வாலில் ஒரு பாட்டா மூச்சு வாங்க வருவாரு. இன்னொரு குழுவில் நல்லா ஓடக்கூடிய ஆளே கடைசியில் வருவாரு, கால் சுளுக்கினவனை விட்டுட்டுப் போயிடக் கூடாதேன்னு. ரெண்டு பேருக்கும் 'ஹி பிராட் அப் த ரியர்'தான். முடியாம வந்தாரா, காவலா வந்தாரா என்பதை இந்த ஃப்ரேஸ் சொல்லாது. அவர் எந்த இடத்துல வந்தார்னு மட்டும் சொல்லும்.

'லேகிங் பிஹைண்ட்' வேற. வர வேண்டிய வேகத்துல வரலங்கிற குறை அதுக்குள்ளயே இருக்கு. பாதியில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனவருக்கு ரெண்டுமே கிடையாது, அவர் 'டிராப்ட் அவுட்'.

ஆனா போட்டின்னு வந்தா கதை மாறும். பாயின்ட்ஸ் டேபிளில் கடைசி இடத்துல இருக்கிற அணிக்கும் இதையே சொல்வாங்க, அங்க லேசா கிண்டல் ஒட்டிக்கும். அதனால தங்கச்சி, அவர் எதைக் காட்டிச் சொன்னாருன்னு யோசிங்க. ரிலீஸ் பிளானைக் காட்டி, டெவலப்மென்ட் முடிஞ்சு கடைசியா டெஸ்டிங் டீம் வரும்னு சொல்லியிருந்தா வெறும் வரிசைதான். டீம் வாரியா மார்க் போட்ட ஸ்லைடைக் காட்டியிருந்தா, ஆமா, திட்டுதான். நீங்க மெயிலில் இன்னொரு டீமைப் பத்தி எழுதும்போது இந்த ஃப்ரேஸைத் தவிர்த்துட்டு, 'டெஸ்டிங் கம்ஸ் லாஸ்ட் இன் த சீக்வென்ஸ்'னு நேரா எழுதிடுங்க.