'ஜீவனாம்சம்' அச்சேறிய வரலாறு

தமிழிலே புது முறையில் நாவல் எழுதத் துணிந்தவர்கள் சிலர் உண்டு. எழுதியதை அச்சிடத் தாமே பத்திரிகை நடத்தி, அச்சிட்டதை விற்கத் தாமே மூட்டை சுமந்தவர் எத்தனை பேர்? ஸ்ரீ சி. சு. செல்லப்பா அவ்வாறு சுமந்தவர். தேச விடுதலைப் போரில் சிறை புகுந்தவர். 'மணிக்கொடி'யிலே கதை எழுதித் தேர்ந்தவர்.

1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' என்னும் மாதப் பத்திரிகையை அவர் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்னதாகவே பிரகடனம் செய்தார். விற்பனையைப் பெருக்கச் சபதம் செய்யும் பத்திராதிபரைக் கண்டிருக்கிறோம்; வரம்பு கட்டிக்கொண்டவரைக் கண்டதுண்டோ? அந்த வரம்பைப் பத்திரிகை ஒருநாளும் எட்டவில்லை என்பது வேறு விஷயம்!

இந்தப் பத்திரிகையில்தான் 'ஜீவனாம்சம்' தொடராக வந்து, 1962இல் எழுத்துப் பிரசுரமாக நூல் வடிவம் பெற்றது. கதையோ மிகச் சிறிது. கணவனை இழந்த சாவித்திரி பிறந்தகத்தில் இருக்கிறாள். புக்ககத்தார்மீது ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. நியாயஸ்தலத்தின் வாதப் பிரதிவாதங்களை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அவள் மனத்தில் எழும் நினைவுகள் முன்னும் பின்னுமாகப் புரள்வதே நாவல். வழக்காடும் வீடே தன் வீடாக அவள் நெஞ்சிற்குத் தோன்றத் தொடங்குகிறது. வாரந்தோறும் திடுக்கிடும் இடத்தில் 'தொடரும்' போடும் பத்திரிகைகள் இதை ஏற்குமா? இத்தகைய நாவலுக்குச் சொந்தப் பத்திரிகையே புகலிடம்.

அந்தச் சுதந்திரத்திற்கு விலை இருந்தது. பிரசுரங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அவர் அலைந்தார். 119 இதழ்களுடன் 1970இல் 'எழுத்து' நின்றது. புதுக்கவிதைக்கு அது செய்த பணியைப் பலரும் பேசுகின்றனர்; நாவலுக்குச் செய்ததைப் பேசுவோர் குறைவு. இது நமக்கு நியாயமாகப் படவில்லை.

"பாட்டாளிக்கு இந்த மனோதத்துவ நாவல் எதற்கு?" என்று இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் படிப்பகம் நடத்தும் அன்பர் ஒருவர் கேட்கக்கூடும். துறைமுகத்திலோ ஆலையிலோ கணவனைப் பறிகொடுத்தவள் நஷ்டஈடு கோரும் உரிமையை 1923ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்தது. தொகையை எந்தச் சட்டமும் கணக்கிட்டுவிடும். பணம் வாங்கிய பிறகு அவள் எந்த வீட்டு மனுஷி என்பதைக் கணக்கிடும் சட்டம் எது? சாவித்திரி அக்கிரகாரத்துப் பெண்ணாயினும், அவளுடைய கேள்வி கப்பல் துறைக்கும் அந்நியமன்று. இயக்கத் தோழர்கள் கோஷமிடும் நூல்களோடு இதையும் அலமாரியில் வைக்கலாம்.

செல்லப்பா 1998 டிசம்பரில் காலமானார். முதுமையிலும் 'சுதந்திர தாகம்' என்ற பெருநாவலைத் தாமே வெளியிட்டிருந்தார். அதற்கு 2001இல் ஸாகித்ய அகாடமி பரிசளித்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.