உங்களுக்குத் தெரியுமா? – சொதப்பிய கடைசி எபிசோடுகள்

வருடக்கணக்கில் விடாமல் பார்த்த தொடர் கடைசி நாளில் சப்பென்று முடிந்தால் வரும் கடுப்பு தனி ரகம். திட்டு முழுவதும் கதை எழுதியவருக்குத்தான் விழும். ஆனால், முடிவில் கை வைத்தவர்கள் வேறு பலரும் உண்டு. சில அமெரிக்கத் தொடர்களின் கதை இதோ. (முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்!)

போதும் என்றது யார்?
‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் ஆறு சீசன்களில் தலா 10 எபிசோடுகள். கடைசி இரண்டில் 7, 6. கதையை அள்ளித் தெளித்து முடித்துவிட்டார்கள் என்று கொதித்த ரசிகர்கள், 8-வது சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி இணையத்தில் மனுப் போட்டார்கள். கையெழுத்திட்டவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். கூடுதல் எபிசோடுகளுக்கு எச்பிஓ சேனல் தயாராகவே இருந்தது. போதும் என்றவர்கள் தொடரை உருவாக்கிய பெனியாஃபும் வைஸும்தான். தொடர் முடிந்த 2019-லேயே சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருதும் அதற்குக் கிடைத்தது!

பூட்டி வைத்த முடிவு
‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ முடிவு ஒளிபரப்பானது 2014-ல். அதில் அப்பாவிடம் பிள்ளைகள் பேசும் காட்சி 2006-லேயே எடுக்கப்பட்டது. குழந்தை நடிகர்கள் வளர்ந்துவிடுவார்களே! இதற்கிடையே கதை வேறு பக்கம் போய்விட்டது. கடைசி சீசன் ஏறக்குறைய முழுவதும் ஒரு கல்யாணம். கடைசி எபிசோடில் அந்த ஜோடிக்கே விவாகரத்து. எதிர்ப்பு கிளம்பியதும் டிவிடியில் மாற்று முடிவு ஒன்றைச் சேர்த்தார்கள்.

சாக அனுமதி இல்லை
தொடர்கொலைகாரன் ‘டெக்ஸ்டர்’ 2013-ல் பெயர் மாற்றிக்கொண்டு மரம் வெட்டப் போனதோடு கதை முடிந்தது. நாயகனைச் சாகடிக்க ஷோடைம் சேனல் விடவில்லை என்று தயாரிப்பாளர் ஜான் கோல்ட்வின் பின்னர் சொன்னார். 2021-ல் தொடங்கிய அடுத்த தொடரின் முடிவில் மகனே அவனைச் சுட்டான். 2025-ல் பிழைத்து வந்து இன்னொரு தொடர்!

சேனல் செய்த குழப்பம்
2010-ல் ‘லாஸ்ட்’ முடிந்தபோது, விமானம் விழுந்த அன்றே எல்லோரும் செத்துவிட்டார்கள் போல என்று பலர் நினைத்தார்கள். கதை சொன்னது அதுவல்ல. குழப்பம் வந்தது இப்படித்தான்: கடைசியில் பெயர்கள் ஓடும்போது கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவுகளைக் காட்டினார்கள். அடுத்து செய்திகளுக்குத் தாவும் முன் கொஞ்சம் இடைவெளி கிடைக்கட்டும் என்று ஏபிசி சேனல் சேர்த்த காட்சிகள் அவை.

26 வருடம் கழித்துத் திருத்தம்
1998-ல் ‘சைன்ஃபெல்ட்’ கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 7.6 கோடிப் பேர். சிரிக்க வைத்த நால்வரையும் ஜெயிலில் தள்ளி முடித்ததைப் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. எழுதிய லாரி டேவிட், தன் அடுத்த தொடரான ‘கர்ப் யுவர் என்தூசியாசம்’ முடிவில் (2024) அதேபோல வழக்கு, ஜெயில் என்று வைத்தார். இந்த முறை விடுதலை! “அப்பவே இப்படி முடித்திருக்கலாமே” என்று அவரும் பழைய தொடரின் நாயகன் சைன்ஃபெல்டும் தங்களையே கிண்டலடித்துக்கொண்டார்கள்.

ஆறு மாத சஸ்பென்ஸ்
‘தி வாக்கிங் டெட்’ 6-வது சீசன், நாயகர் கூட்டத்தில் ஒருவரை வில்லன் அடித்துக் கொல்வதோடு முடிந்தது. செத்தது யார் என்று மட்டும் காட்டவில்லை. அக்டோபர் 2016-ல் விடை தெரிந்த அன்று பார்த்தவர்கள் சுமார் 1.7 கோடிப் பேர். அடுத்த வாரமே அது சுமார் 1.25 கோடி. 2022-ல் தொடர் முடிந்த அன்று 25 லட்சம்கூடத் தேறவில்லை.

‘தொடரும்’... தொடரவில்லை
வேற்றுக்கிரகவாசி ‘ஆல்ஃப்’ ராணுவத்திடம் சிக்கியதும் 1990-ல் ‘தொடரும்’ போட்டார்கள். அதோடு தொடரை நிறுத்திவிட்டது சேனல். மிச்சக் கதை 1996-ல் டிவி படமாக வந்தது. ஆல்ஃபை வளர்த்த குடும்பம் அதில் இல்லை.

31 எபிசோடு கனவு
‘டாலஸ்’ தொடரிலிருந்து பேட்ரிக் டஃபி விலகியதால் அவருடைய பாபி பாத்திரம் செத்துப்போனது. 1986-ல் அவர் திரும்பி வந்தார். பாபி குளித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஓடிய 31 எபிசோடுகளும் மனைவி கண்ட கனவு என்றார்கள். கிளைத் தொடரான ‘நாட்ஸ் லேண்டிங்’கில் மட்டும் பாபி கடைசிவரை செத்தவர்தான்!

அதே தந்திரம், ஆனால் கைதட்டல்
1990-ல் ‘நியூஹார்ட்’ காமெடித் தொடர் எட்டு சீசன்களையும் கனவாக்கியது. விழித்தெழும் பாப் நியூஹார்ட் அருகே படுத்திருந்தவர், 1978-ல் முடிந்த அவருடைய பழைய தொடரின் மனைவி சுசான் ப்ளெஷெட்! அந்தப் படுக்கையறை செட்டைப் பார்த்ததுமே ஸ்டுடியோ ஆரவாரத்தில் அதிர்ந்தது. யோசனை தந்தது தன் நிஜ மனைவி ஜின்னி என்பார் நியூஹார்ட்.